ஸ்கெல்பெக்கில் மட்டும் மழை

வானிலை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைத் தெல்மா ஐவ்சன் நான்கு முறை படித்தாள். அதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முப்பத்தொரு வருடம் ஸ்கெல்பெக் பள்ளத்தாக்கு முழுக்கத் தபால் கொடுத்தவள் அவள். உறையைக் கையில் எடுத்ததுமே உள்ளே கல்யாணமா, கோர்ட்டா என்று சொல்லிவிடுவாள். மரியாதை கூடக் கூட விஷயம் மோசம் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. இந்தக் கடிதத்தில் 'தங்கள் அரிய சேவைக்கு நன்றி' என்று இரண்டு இடத்தில் இருந்தது.

நடுவில் இருந்த விஷயம் இதுதான்: தெல்மாவின் தோட்டத்து மழைமானி ஜூலை மாதத்துக்குக் காட்டிய அளவு, சுற்றுவட்டாரத்து மானிகள் எதனோடும் ஒத்துப்போகவில்லை. செப்டம்பர் முதல் தேதி காலை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அந்த மழை அளக்கும் நிலையத்தைத் தொடர்வதா என்பது அதற்குப் பிறகு முடிவாகும்.

"எதைத் தொடர்றதா?" என்றாள் தெல்மா.

"எதையோ தொடர்றாங்களாம்," என்றான் அவள் கணவன் வில்ஃப். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, புல் வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று கொட்டகைக்குப் போய்விட்டான். அந்த மெஷினுக்கு மூன்று மாதமாக வேலையே இல்லை. புல் வளர்ந்தால்தானே.

கோடை அப்படி. ஊர்ப் பத்திரிகையில் ஜூலை மாதக் கணக்கைப் படத்தோடு போட்டிருந்தார்கள். சராசரியைவிட மழை குறைந்த இடம் பழுப்பு, கூடின இடம் நீலம். தென்கிழக்கில் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை; அங்கே கிரிக்கெட் மைதானங்கள் தேங்காய் நார் விரிப்பு போலக் கிடந்தன. நடு இங்கிலாந்தில் பாதி. வேல்ஸில் மூன்றில் இரண்டு. வட அயர்லாந்து எப்போதும்போல, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மட்டும், மற்றவர்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டதுபோல, வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக நனைந்திருந்தது. யார்க்‌ஷயரின் மலைப் பள்ளத்தாக்குகளுக்கு நூற்றுக்கு அறுபது. ஒரே பழுப்பு.

அந்தப் பழுப்பின் நடுவே, சட்டைப் பையில் பேனா ஒழுகினதுபோல, ஒரு நீலப் புள்ளி. ஸ்கெல்பெக். நூற்றுக்கு நூற்றுப்பத்து. பத்திரிகைக்காரர்கள் அதற்கு ஓர் அம்புக்குறி வேறு போட்டு, 'இந்தக் கோடையின் ஒரே ஈரமான கிராமம்' என்று எழுதிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் ஓய்ந்திருக்க வேண்டிய கேலிதான். ஆனால் தெல்மாவின் விஷயம் வேறு.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் முதல் தேதி, தேவாலயத்தில் மழை அளந்துகொண்டிருந்த பாதிரியார் ஊர் மாறிப் போனபோது, "நீதான் எப்படியும் மழையில அலையிறியே" என்று அந்தச் செம்பு உருளையை அவள் தலையில் கட்டினார்கள். மானி இடம் மாறியதால் கணக்கும் அன்று புதிதாகத் தொடங்கியது; அன்றிலிருந்து ஒரு நாள் அளவுகூட விட்டுப்போனதில்லை. காலை ஒன்பது மணிக்கு அளக்க வேண்டும். கோடையில் நாட்டுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தாலும் மழைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் கோடையில் சுவர்க்கடிகாரத்துக்குப் பத்து. பனிக்காலத்தில் ஒன்பது அடிக்கும்போது தபால்பையை யார் வீட்டுச் சுவர்மீதாவது வைத்துவிட்டு ஓடிவருவாள். மாமியாரின் அடக்கத்தைப் பத்தரைக்கு வைக்கச் சொல்லி, அதற்காக நாத்தனாரிடம் ஆறு வருடம் பேச்சில்லாமல் இருந்தாள்.

முப்பது வருடம் முடிந்தால்தான் ஓர் இடத்துக்கு அதன் சொந்தச் சராசரி. அதுவரை ஸ்கெல்பெக்குக்கு, பக்கத்து ஊர்களைப் பார்த்துக் கணித்த இரவல் சராசரிதான். இந்த ஆகஸ்டு முப்பத்தொன்றோடு முப்பது முழுமையாகிறது. இனி ஸ்கெல்பெக்கின் மழையை ஸ்கெல்பெக்கோடு ஒப்பிடுவார்கள். மகளுக்குக்கூடச் சொல்லாமல் தெல்மா அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். இப்போது அதற்கு அடுத்த கட்டத்தில் அதிகாரி வந்து நின்றார்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. பகலெல்லாம் சோதனை. உருளை ஒழுகுகிறதா? இல்லை. விளிம்பு தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டரா? ஆமாம். ஆடு ஏதாவது வேலி தாண்டி வந்து உபகாரம் செய்துவிட்டுப் போனதா? அதையும் குனிந்து மோந்து பார்த்தாள். வலது இடுப்பு எலும்பை ஜூலையில்தான் மாற்றியிருந்தார்கள். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கொட்டகையிலிருந்து வில்ஃப் வந்து தூக்கிவிட்டான்.

"விட்டுத் தொலையேன் கண்ணு. ஒரு செம்புக்கு இம்புட்டுப் பாடா?"

"என் கணக்கு தப்புன்னு சொல்றாங்க, வில்ஃப். முப்பது வருஷம்!"

வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, டீ போட்டுத் தரவா என்று கேட்டான். அந்த ஊரில் ஆண்கள் பெரிய விஷயம் ஒன்றை விழுங்கும்போது டீ போட்டுத் தரவா என்றுதான் கேட்பார்கள். தெல்மாவுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டான் பாசெட் வந்தான். அடுத்த பண்ணைக்காரன். வயலோரத்தில் இரண்டு கேரவன் வண்டிகளை நிறுத்திவைத்து விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவன்.

"என்ன புள்ள, உன் தோட்டத்துல மட்டும் கடவுள் பக்கெட்டக் கவுத்துட்டாரா?"

"நீ வேற ஆரம்பிக்காத ஸ்டான்."

"நான் ஆரம்பிக்கல, பேப்பர்காரன் ஆரம்பிச்சான். லீட்ஸ்லேருந்து வர்றதா இருந்த குடும்பம் வரலேன்னுட்டாங்க. 'உங்க ஊர்ல ஒரே மழையாமே'ங்கிறான். எங்க ஓடையில வாத்து நடந்து போவுதுடா, கால் வலிக்குதுன்னு நின்னு நின்னு போவுதுன்னேன். நம்பல."

"மானி என்ன காட்டுச்சோ அதத்தான் எழுதினேன்."

"அது என்ன எழவ காட்டுச்சோ. என் வாழ்நாள்ல இந்த ஜூலை மாதிரிப் புல்லு எடுத்ததில்ல. பத்தாந்தேதி அறுத்தேன். பதினேழு வரைக்கும் வயல்லயே போட்டுக் காயவெச்சேன். சொட்டு விழல புள்ள. ஒரு சொட்டு! மேல மூடக்கூட இல்ல. கட்டு கட்டும்போது பிஸ்கெட்டு மாதிரி நொறுங்குச்சு..."

தெல்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. பத்திலிருந்து பதினேழு. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எட்டு நாள். மானியை வில்ஃப் பார்த்துக்கொண்ட எட்டு நாள்.

ஸ்டான் போனதும் பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். வில்ஃபின் கையெழுத்து, பென்சிலால், பள்ளிப் பிள்ளையின் கவனத்தோடு: 4.2, 6.8, 3.6, 9.4, 5.2, 7.0, 2.8, 8.2. எல்லாம் இரட்டைப்படையில் முடிந்தன. மழைக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு மில்லிமீட்டர் சொச்சம். அதைக் கழித்தால் ஸ்கெல்பெக்கும் எல்லாரையும்போலப் பழுப்பு.

கொட்டகைக் கதவைத் திறந்தாள். வில்ஃப் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாவது நாளாக.

"அந்த எட்டு நாளும் மானியில தண்ணி இருந்துச்சா?"

அவன் எண்ணெய்க் குப்பியை மறுபடி சாய்த்தான்.

"வில்ஃப்!"

"தினமும் போனேன் கண்ணு. சத்தியமா. பத்து அடிக்கப் போயி நின்னேன். ஒண்ணுமில்ல. மொத நாளு பூச்சியம். சரின்னு விட்டேன். ரெண்டாம் நாளும் பூச்சியம். மூணாம் நாளு யோசிச்சேன்..."

"என்னன்னு?"

"யார்க்‌ஷயர்ல, ஜூலையில, எட்டு நாளு வரிசையாப் பூச்சியம் போட்டா எவன் நம்புவான்? கெழவன் படுக்கைய விட்டே எந்திரிக்கலேன்னுல்ல நெனப்பான்? உன் பேரு கெட்டுப்போவும். அதான் மொத ரெண்டையும் அழிச்சிட்டு, நியாயமா, அளவா..."

"அளவா?"

"நான் ஒண்ணும் வெள்ளம் வர வெக்கலியே!"

தெல்மா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் பயம்தான் முந்திக்கொண்டது. மழைக்குக் குடை எடுத்துப் போகிற நாட்டில், மழை இல்லாததற்கு வெட்கப்பட்ட ஒருவனைத் தான் கட்டிக்கொண்டு நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது என்பதை அவளால் யாரிடமும் விளக்க முடியாது. சொன்னால் அந்த ஜூலை போச்சு. இருபத்தொன்பது ஜூலைதான் மிஞ்சும், சராசரி போச்சு, நிலையமே போனாலும் போகலாம். சொல்லாவிட்டால் நீலப் புள்ளி நிலைத்துவிடும். ஸ்கெல்பெக்கின் முதல் சொந்தச் சராசரிக்குள், பெய்யாத நாற்பத்தேழு மில்லிமீட்டர் ஊறிக்கொண்டே கிடக்கும்.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் வில்ஃப் மெதுவாக.

"எனக்கு."

செப்டம்பர் முதல் தேதி ஒன்பது மணிக்கே அதிகாரி வந்துவிட்டாள். ரியன் ப்ராசர் என்று பெயர். வேல்ஸ்காரி, முப்பது வயதுக்குள். ரசமட்டம் வைத்தாள், டேப் பிடித்தாள், மானியைச் சுற்றி மண்டியிட்டாள். தெல்மா பின்னாலேயே நின்று ஏப்ரனைத் திருகிக்கொண்டிருந்தாள். மேற்கே மலைக்கு மேல் வானம் ஈயம் போலக் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக வராதது இன்றைக்குத்தான் வர வேண்டுமா என்று அவள் அதையும் முறைத்தாள்.

உள்ளே டீயும் கேக்கும் சீஸும் வந்தன. ரியன் புத்தகத்தைப் புரட்டினாள்.

"மிஸஸ் ஐவ்சன், இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கிற மானிய நான் பாத்ததே இல்ல. எங்க ஆபீஸ்ல இருக்கிறதே சாஞ்சு கிடக்கு."

"நன்றிம்மா."

"அப்ப ஜூலைல உங்களுக்கு மட்டும் இடிமழைதான் வந்திருக்கணும். கோடைல அது சகஜம். ஒரு வீட்ல கொட்டும், அடுத்த வீட்ல துணி காயும். அப்படியே எழுதிடறேன். உங்க முப்பது வருஷத்துக்கு வாழ்த்து வேற சொல்லச் சொன்னாங்க."

பேனா மூடி திறந்தது. வில்ஃப் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே வெட்டின துண்டுகளைப் பாதியாக, பாதியைக் காலாக. ஆமாம் இடிமழைதான் என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கடிகாரம் பத்தாக எட்டு நிமிடம் காட்டியது.

"அந்த எட்டு நாளும் மழை பெய்யல," என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "சொட்டுகூட. இங்க எழுதினது பொய்."

ரியன் நிமிர்ந்தாள். பிறகு அந்த எட்டு எண்களைப் பார்த்தாள், கேக்குத் தூளைப் பார்த்தாள், கடைசியில் வில்ஃபைப் பார்த்தாள்.

"நீங்களா சார்?"

"பூச்சியம் போட்டா மரியாதையா இருக்காதேன்னுதாம்மா..." என்றான் வில்ஃப். காது இரண்டும் சிவந்திருந்தன. "அந்த வாரம் ஸ்டான் வேணா சாட்சி சொல்வான். அவன் புல்லு பிஸ்கெட்டு மாதிரி..."

"புல்ல நான் கோப்புல வெக்க முடியாது சார்."

தெல்மா அவர்களைக் காத்திருக்க வைக்கவில்லை. பேனாவை எடுத்து, எட்டு எண்களுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தன் முதலெழுத்தை இட்டாள். கோடு நாலாவது எண்ணில் மலை ஏறி இறங்கியது. முப்பது வருடப் புத்தகங்களில் முதல் அடித்தல் அதுதான்.

"நிலையத்த மூடிடுவீங்களா?"

"மூட மாட்டாங்க. அந்த எட்டு நாளுக்குத் தகவல் இல்லேன்னு போகும். ஜூலை மாசம் கணக்குல வராது." ரியன் கொஞ்சம் தயங்கினாள். "உங்க சராசரிக்கு இன்னொரு ஜூலை வேணும். அடுத்த வருஷத்து ஜூலை. ஒரு நாள் விடாம."

"அடுத்த ஜூலையில எனக்கு இடது இடுப்பு," என்றாள் தெல்மா. "இப்பவே தேதி குடுத்துட்டாங்க. வேணாம்னா மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில கடைசி."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் வில்ஃபைப் பார்த்தார்கள்.

கடிகாரம் பத்து அடித்தது.

"கோடையோட கடைசி அளவு," என்றாள் ரியன். "இப்ப மானியில இருக்கிறது நேத்துக் கணக்கு. இதுக்கு மேல விழறதெல்லாம் செப்டம்பர். நீங்க போய்ப் பாருங்க சார்."

வில்ஃப் அளவுக் குழாயை முட்டை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினான். தெல்மா கைத்தடியோடு பின்னால். அவன் உருளையைத் திறந்தான், உள்ளே இருந்த பாட்டிலைக் குழாயில் கவிழ்த்தான், தட்டினான், கண்ணுக்கு நேரே உயர்த்தினான். நெற்றி வேர்த்தது. மலை உச்சி ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்தது. காற்றில் ஈர மண் வாசனை.

"என்ன இருக்கு?" என்றாள் தெல்மா.

"கண்ணு, இதோ வந்திட்டே இருக்கு பாரு. அஞ்சே அஞ்சு நிமிஷம் பொறுத்தா நல்லா கௌரவமா..."

"வில்ஃப். குழாயில என்ன இருக்கு?"

அவன் இன்னொரு முறை பார்த்தான். அண்ணாந்து வானத்தையும் ஒரு முறை, கெஞ்சுவதுபோல.

"ஒண்ணுமில்ல."

"எழுது."

பென்சில் வெகுநேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அடுத்த ஜூலையின் முப்பத்தொரு காலைகளும் அந்தப் பென்சில் முனையில் தொங்குவதாகத் தெல்மாவுக்குப் பட்டது. வில்ஃப் பூச்சியத்தை வரைந்தான். சிறியதாக, யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல.

"பெருசாப் போடு," என்றாள்.

அவன் அதன்மேல் மறுபடி வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது முதல் துளி அவன் வழுக்கையில் விழுந்தது.