காலி என்று எழுதிய பெட்டி

என் மருமகள் கண்ணாடி செய்கிறாள் என்று சொன்னால், முகம் பார்க்கும் கண்ணாடியா, மூக்குக் கண்ணாடியா என்று வேலூரில் இருக்கும் உறவினர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. பென்சில் பருமனில் இருக்கும் கண்ணாடிக் கம்பியை நெருப்பில் காட்டி, அது தேன்போல இளகும் நேரத்தில் சுற்றி, இழுத்து, இலை, மீன், மழைத்துளி என்று செய்கிறாள். மராட்டிய மாநிலத்தில், வானவடியில் எங்கள் வீட்டின் பின்பக்கப் பால்கனிதான் பட்டறை. செய்ததை ஒரு சின்ன மின்சூளைக்குள் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் கையில் இருக்கும்போதே விரிசல் விட்டுவிடும்.

செய்வது அவள் வேலை, கட்டுவது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவன் நான். பெட்டிகளை எண்ணுவதுதான் என் உத்தியோகம். இப்போதும் மாடிப்படி, இட்லி, கொடியில் காயும் துணி என்று எதைக் கண்டாலும் மனம் எண்ணிக்கொண்டு போகும். வீட்டில் யாருக்கும் இது பிடிக்காது. கண்ணாடி கட்டுவதில் மட்டும் அதற்கு ஒரு உபயோகம் இருந்தது.

தொழிற்சாலையில் பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்பது விதி. அதை நம்பி முதல் தடவை நான் இறுக்கிக் கட்டியதில் மூன்று மீன்களின் வால் போயிற்று. கண்ணாடிக்கு இறுக்கமும் ஆகாது, ஆட்டமும் ஆகாது. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, முட்டை அட்டையின் குழிகளில் வைத்து, மேலே காகிதக் கீற்றுகளைப் பரப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தலையணை மாதிரி கொஞ்சம் அமுங்கி, கையை எடுத்ததும் திரும்ப எழ வேண்டும். அது எனக்குக் கைவந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் வருடம்தோறும் கைவினைக் கண்காட்சி நடக்கும். ஊர் ஊராகப் போகும் பெரிய கண்காட்சிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழுவினர் முதல் நாள் பிற்பகல் அங்கே சுற்றி வருவார்கள். போன வருடம் அவளுடைய பொருட்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் சின்னச் சின்னதாக இருக்கிறதே, பெரிதாக ஒன்று செய்து கொண்டுவா என்று சொல்லியிருந்தார்கள். மழைக்காலம் முழுவதும் அவள் அந்த ஒன்றைத்தான் செய்தாள். ஒரு மரச்சட்டத்திலிருந்து நூல் நூலாகத் தொங்கும் நூற்று நாற்பது கண்ணாடித் துளிகள். ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. பால்கனிக் கதவில் கட்டிப் பார்த்தபோது சுவர் முழுவதும் நனைந்ததுபோல வெளிச்சம் விழுந்தது.

பெட்டிகளை மைதானத்துக்கு ஏற்றிப் போகும் டெம்போக்காரருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். “அப்பா, தேவநாகரி எழுத்துல எழுதுங்க. அவரு படிச்சிட்டு அது மாதிரியே வைப்பாரு.” என்னை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். மராட்டிக்காரி. என் மகனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு தமிழ் கற்றுக்கொண்டவள்.

பத்துப் பெட்டிகளில் காச் என்று எழுதினேன். மராட்டியில் கண்ணாடி. துளிகள் இருந்த பதினோராவது பெட்டியில் மேலே வைக்கவும் என்று அவள் மராட்டியில் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் குளிக்கப் போன பிறகு பன்னிரண்டாவதாக ஒரு காலிப் பெட்டியை எடுத்தேன். வேண்டாம் அப்பா, இடத்தை அடைக்கும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆனால் தொழிற்சாலையில் சரக்கு போகும்போது ஒரு காலிப் பெட்டியும் கூடவே போகும். வழியில் ஒன்று கிழிந்தால் மாற்றுவதற்கு. அது இல்லாமல் வண்டியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அங்கே சாக்பீஸால் எழுதிய பழக்கத்தில், கொட்டை எழுத்தில் காலி என்று நாகரியில் எழுதினேன். இந்திக்கும் தமிழுக்கும் அது ஒரே வார்த்தை.

நான் லிஃப்ட் வாசலில் நின்று எண்ணினேன். டெம்போக்காரர் கீழே அடுக்கினார். பன்னிரண்டும் சரியாக இறங்கின. வண்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்பது என் புத்தி.

ஆட்டோவில் நாங்கள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். டெம்போவின் பின்கதவைத் திறந்தபோது பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. ஒரு ஓரத்தில் அடியில் இருந்த பெட்டி அப்பளம்போல நசுங்கியிருந்தது. அதன் மேல் அடுக்கியிருந்தவை சாய்ந்து, உச்சியில் இருந்த துளிப் பெட்டி, கடைக்காகக் கூடவே ஏற்றியிருந்த இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தலைகீழாக விழுந்திருந்தது. அவள் அதைத் தூக்கினாள். குலுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நசுங்கிய பெட்டியில் என் கையெழுத்து இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “காலி டப்பா நீச்சே க்யூன் ரக்கா?” என்று கத்தினேன். காலிப் பெட்டியை ஏன் அடியில் வைத்தாய் என்று. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காலி லிஹிலய், காகா. மணூன் காலி டேவலா” என்றார். காலி என்று எழுதியிருந்தது பெரியவரே, அதனால் காலியில் வைத்தேன் என்று.

மராட்டியில் காலி என்றால் கீழே.

கீழே என்று எழுதியதைக் கீழே வைத்தார். மேலே என்று எழுதியதை அதற்கு மேலே வைத்தார். நான் எழுதிய இரண்டையும் அவர் ஒழுங்காக மதித்திருக்கிறார். “தூக்கும்போது கனமே இல்லையே, தெரியவில்லையா?” என்று விடாமல் கேட்டேன். “உங்க பெட்டி எல்லாமே கனம் இல்லாமத்தான் இருக்கு, காகா” என்று மராட்டியில் சொன்னார். அதுவும் உண்மை.

மருமகள் அவரிடம், உங்கள் தவறு இல்லை அண்ணா என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்பா, வெயில்ல நிக்காதீங்க. உள்ள போயி உட்காருங்க” என்றாள்.

உட்காருங்க. சுத்தமான தமிழ். அந்த இடத்தில்தான் எனக்குள் எதுவோ இடறியது.

மராட்டிக் காலி எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. காய்கறிக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை காலி பசா, காலி உத்ரா என்று, கீழே உட்காருங்கள், கீழே இறங்குங்கள் என்று, தினமும் சொல்லும் ஊர் இது. அதை வைத்துத்தான் நான் வருடக்கணக்காக ஒரு வேடிக்கை செய்துகொண்டிருந்தேன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். இவள் ஓடிப்போய்ப் பாயை விரித்து, “அத்தை, காலி உட்காருங்க” என்றாள். கீழே உட்காருங்கள் என்று சொல்ல நினைத்து, பாதி மராட்டியும் பாதி தமிழுமாக வந்துவிட்டது. “வயிறு காலியாவா, கை காலியாவா?” என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதிலிருந்து கல்யாண வீடு, வளைகாப்பு, மகனின் நண்பர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று எங்கே போனாலும் அவளை வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னேன். அக்கா போனில் கூட, “என்னடா, உம் மருமவ இன்னும் காலியா உட்காரச் சொல்றாளா?” என்றுதான் ஆரம்பிப்பாள். என் மனைவி உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொன்னாள்: “போதும் விடுங்க. அது எத்தினி வாட்டிதான் சிரிக்கும்.” எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அதை மட்டும் எண்ணவில்லை.

அன்று அவள் அந்த வார்த்தையை எடுத்து என்னைத் திருப்பி அடித்திருக்கலாம். மைதானமே சிரித்திருக்கும். அவளோ என்னை நிழலுக்கு அனுப்பினாள்.

கடைக்குள் உட்கார்ந்து நாங்கள் பிரித்தோம். முழுதாக இருந்தவை எழுபத்தொன்பது. பெரும்பாலானவற்றுக்கு நுனிதான் போயிருந்தது. துளிக்கு நுனி போனால் அது வெறும் உருண்டை. மிஞ்சியவற்றை இடைவெளி விட்டுப் பரப்பாமல், சட்டத்தின் ஒரு பக்கமாக நெருக்கிக் கட்டினாள். மறுபக்கம் நூல்கள் வெறுமையாகத் தொங்கின. பக்கத்துக் கடையில் மண்பாண்டம் வைத்திருந்த பெண், “வேணும்னே இப்படிப் பண்ணேன்னு சொல்லிடு, மழை இப்பத்தான் வருதுன்னு. அவங்களுக்கு அதெல்லாம் பிடிக்கும்” என்று இந்தியில் யோசனை சொன்னாள்.

மூன்று மணிக்குத் தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெகுநேரம் நின்று பார்த்தார்கள். அதில் ஒரு அம்மாள், வெறும் நூல்களைத் தொட்டு, இது ஏன் இப்படி என்று கேட்டார். “வழியில் உடைந்துவிட்டது” என்றாள் என் மருமகள். மராட்டியிலும் அது இரண்டே வார்த்தை. யார் உடைத்தது என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் முழுதாகக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அவள் தலையாட்டினாள். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த மீன்களை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் மாலை டெம்போக்காரர் மறுபடி வந்தார். பெட்டிகளை ஏற்றும்போது அந்த நசுங்கிய பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “காகா, ஹா குடே? காலி கீ வர்?” என்று கேட்டார். இது எங்கே, கீழேயா மேலேயா என்று. மண்பாண்டக்காரி சிரித்தாள். எதிர்க் கடைக்காரர் கதை கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போது கன்னம் வலித்தது. ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உடைந்த அறுபத்தொன்றும் ஒரு பக்கம் இருக்க, அவள் எப்போது காலி என்று சொல்வதை நிறுத்தினாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போன வருடமா, அதற்கும் முன்பா. ஒரு வீட்டில் ஒரு வார்த்தை குறைந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் இன்னொரு சின்னக் கண்காட்சிக்குக் கட்ட ஆரம்பித்தோம். என்னைக் கூப்பிட மாட்டாள் என்று அறைக்குள்ளேயே இருந்தேன். அவளே வந்து கூப்பிட்டாள். ஹாலில் போர்வை விரித்து முட்டை அட்டைகளைப் பரப்பியிருந்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

“ஏம்மா, நீ இப்பல்லாம் காலி உட்காருங்கன்னு சொல்றதே இல்லையே.”

அவள் ஒரு இலையைச் சுற்றி முடித்தாள். “எப்பவோ விட்டுட்டேன் அப்பா.”

“நான் சிரிச்சதாலயா?”

“நாஹி அப்பா, அப்படின்னு இல்ல.” அடுத்த இலையை எடுத்தாள். “எங்க அம்மா வீட்டுக்குப் போனாலும் அந்த வார்த்தை வர்ற இடத்துல நின்னுடுறேன். அங்க மராட்டிதான். யாரும் சிரிக்க மாட்டாங்க. இருந்தாலும் ஒரு செகண்ட் நின்னுடும்.”

தப்பு என் மேல்தான் என்றேன். இருக்கட்டும் அப்பா என்றாள். அந்த இருக்கட்டும் எனக்கு ஆறுதலாக இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இலைகளைச் சுற்றி, அட்டையில் வைத்து, அழுத்திப் பார்த்தேன். எண்ணவில்லை. எண்ணாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அவளே ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து மார்க்கரை நீட்டினாள்.

“இது எதுக்கும்மா?”

“ஒண்ணு கூடவே போகணும்னு நீங்கதானே சொல்வீங்க.”

“நீயே எழுது.”

அவள் எழுதினாள். ரிகாமா. மராட்டியில் காலிக்கு அதுதான் வார்த்தை. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் காதில் விழுந்திருக்கிறது, என் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

“ரிகாமி கோகா” என்று சொல்லிப் பார்த்தேன். கோகா என்றால் அட்டைப்பெட்டி; மராட்டியில் அது ஆண்பால் என்பது எனக்கு நினைவில்லை.

“ரிகாமா, அப்பா” என்று அவள் திருத்தினாள். “கோகா ரிகாமா.” சிரிக்கவில்லை. நான் சரியாகச் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, டேப்பை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள்.