இரண்டு விரல் மருந்து

கள்ளக்குறிச்சி இன்னும் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த காலம். கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் எங்கள் ஊர். ஒரு கார்த்திகை மாதத்தில் இது நடந்தது. எத்தனையோ வருஷம் ஆகியும் கோபம் மட்டும் ஆறவில்லை.

என் தம்பி பாம்பு கடித்துச் செத்துப்போனான். அவன் பெண்சாதிக்கு மிஞ்சியது இரண்டு ஏக்கர் மரவள்ளி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு நாட்டுத் துப்பாக்கி. மலையோரத்தில் பன்றி விரட்ட சர்க்கார் லைசென்ஸ் உண்டு. குண்டு போடமாட்டோம். குழாய்க்குள் கரிமருந்தும் நாரும் போட்டு இடித்து வெடித்தால், அந்தச் சத்தத்துக்கே பன்றி மலையேறிவிடும். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு லைசென்ஸ் மாறி வந்த மாதிரி அவள் பேருக்கும் வாங்கிக் கொடுத்தேன். வெடி இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கிழங்கு முழுவதும் போய்விடும். அந்தப் பிள்ளைகளின் வருஷத்துச் சோறு அதுதான்.

வெடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று எங்கள் பெரியப்பா மகன் வந்தார். எனக்கு அண்ணன். களத்தில் ஆம்பிளைகள் பத்துப் பேர் கூத்துப் பார்க்கிற மாதிரி கூடிவிட்டார்கள். அவரே மருந்து போட்டு அவரே கம்பியால் இடித்தார். வெறும் குழாய்க்குள் விட்டால் அந்தக் கம்பி வாயோடு வாயாக நிற்கும். மருந்து இடித்த பிறகு எத்தனை விரல் மேலே நிற்கிறதோ, அதுதான் அளவு. பன்றி வெடிக்கு இரண்டு விரல் போதும். அன்றைக்கு ஐந்து விரல் நின்றது. நான் பார்த்தேன். பழைய குழாய், அடியில் கரி கட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணனைப் பத்துப் பேர் முன்னால் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார். வெடித்ததும் துப்பாக்கி ஒரு பக்கம் போய் விழுந்தது, அவள் ஒரு பக்கம் போய் விழுந்தாள். தோள் வீங்கிப்போனது. அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒலக்க புடிக்கிற கைக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார் அண்ணன்.

புதிதாகப் பிடிக்கிற பெண்ணுக்கு மருந்தைக் கூட்டிப் போட்டு விழவைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு விளையாட்டு. எனக்கும் செய்தார்கள். எந்த ஆம்பிளைக்கும் செய்து நான் பார்த்ததில்லை. குழாய் கிழிந்திருந்தால் அவள் முகமே இருந்திருக்காது. இது விளையாட்டாம்.

சாயங்காலம் அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். "எனக்கு வாணாம் அண்ணி. மாமாவே வெச்சிக்கட்டும். திங்கக்கெழம வந்து கைநாட்டு வாங்கிக்கிறேன்னாரு."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். நேரம் எடுத்துக் கூட்டினேன். துப்பாக்கி பிடிக்கத் தைரியம் இல்லை, என் கணவரின் அண்ணன் பேருக்கு மாற்றித் தரவும் என்று இருந்தது. கீழே தேதி. களத்தில் அவள் விழுவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

அவள் விழுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தைரியமில்லை என்று எழுதி வைத்துவிட்டார். துப்பாக்கி அவர் கைக்குப் போனால் அவர் பயிர்க் கொல்லையில் வெடிக்கும், பன்றி இவள் கொல்லைக்கு ஓடிவரும்.

தேதியைக் காட்டி, கம்பி நின்ற கதையையும் சொன்னேன். "பாத்துக்கினே இருந்தியா அண்ணி?" என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்குக் கூட்டிப்போனேன். அந்த வருஷம் மழை பொய்த்துத் தண்ணீர் இல்லாத ஏரி, ஆள் நடமாட்டம் கிடையாது. வீங்கின தோளில் பழந்துணி மடித்து வைத்து, வெறும் துப்பாக்கியைச் சாத்தி இறக்கச் சொன்னேன். மருந்தே போடவில்லை. அடுத்த நாள் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு மட்டும் வைத்தோம். டப்பென்று அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடினாள். மூடாதே என்று நான் சொல்லவில்லை. இருபது தரத்துக்கு மேல் தானே திறந்தாள். மூன்றாம் நாள் அரை விரல் மருந்து. நான்காம் நாள் கம்பியை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"யாரு மருந்து போட்டாலும் சரி, அது நானா இருந்தாலும் சரி, நீ வெரல் வெச்சி அளக்காம தோள்ல சாத்தாத" என்றேன்.

திங்கட்கிழமை அண்ணன் மை டப்பாவோடு வந்தார். அவள் கொல்லை ஓரம் நின்று மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். கம்பி மேல் விரலை வைத்து அவருக்குக் காட்டினாள்.

"ரெண்டு வெரல் மாமா. அன்னிக்கி நீங்க போட்டது அஞ்சு."

மலையைப் பார்த்துத் திரும்பி வெடித்தாள். புகை கலைந்தபோது நின்ற இடத்திலேயே நின்றாள். காதைப் பொத்தியிருந்தது அண்ணன்தான். கைநாட்டு வைக்காத காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று முனகிக்கொண்டே காகிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். சாகும்வரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. சிரித்த பத்துப் பேரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் கிழங்கு வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு சுற்றுப்பட்டில் எந்தப் பெண் பேருக்கு லைசென்ஸ் மாறினாலும், முதலில் எங்கள் இரண்டு பேரிடம்தான் அனுப்புவார்கள். பயந்துபோய் வருகிறவளிடம் ஏன் பயப்படுகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. உன்னை யார் பயமுறுத்தினார்கள், அப்போது யார் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள் என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன்.