வெள்ளைப் பருந்தைக் கவிழ்த்தவள்

இகராஷியைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "எப்பேர்ப்பட்ட கலைஞர்!" என்பார்கள். நான் வேலை பார்க்கும் பெட்டிச் சோற்றுக் கடையில் முட்டையைச் சுருட்டியபடியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அந்த ஆள் வரைந்ததும் எனக்குத் தெரியும், வரையாததும் தெரியும்.

போகட்டும், இது அவர் கதை இல்லை. என் சிநேகிதி குவாதா தொமொயேயின் கதை. அவரைத் திட்டாமல் இவள் கதையைச் சொல்ல வழியில்லை, அவ்வளவுதான்.

1983. ஓகிகுபோவில் ரயில் பாதையை ஒட்டிக் கீழே ஒரு சலவைக்கடை, அதன் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. தொலைக்காட்சிக்கு கார்ட்டூன் படம் செய்து கொடுத்தோம். நான் வண்ணம் பூசுகிறவள். பெண்களுக்கு வண்ணம், ஆண்களுக்கு இயந்திரம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. எவளாவது நன்றாக வரைந்தால் பூவும் முகமும் காற்றில் பறக்கும் தலைமுடியும் கொடுப்பார்கள். தொமொயேவுக்கு அதெல்லாம் வேப்பங்காய். அவள் விமானப்படைத் தளம் இருக்கிற கொமாட்சு ஊர்க்காரி. அவள் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையை உரசுகிற மாதிரி போர் விமானங்கள் இறங்குமாம். சத்தம் அடங்கும்வரை வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பாராம். மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ள, இவள் ஜன்னலுக்கு ஓடி அடி வாங்குவாளாம்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த தொடரின் நாயகன் ஒரு போர் விமானம். பெயர் வெள்ளைப் பருந்து. சண்டையின் நடுவே அது மனித உருவம் கொண்ட ரோபோவாக மாறும். பொம்மைக் கம்பெனி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு படங்கள் எங்கள் கைக்கு வந்தன. ஒன்றில் விமானம், இன்னொன்றில் ரோபோ. எஞ்சின் இரண்டும் கால்களாகும், இறக்கை முதுகில் மடியும், மூக்கு மார்புக்குள் போகும். சரி, ஆனால் நடுவில் என்ன நடக்கிறது? அது வரைகிறவர் தலையெழுத்து.

இகராஷிதான் இயந்திரப் படங்களுக்குத் தலைவர். யார் வரைந்தாலும் அவர் மேஜைக்குப் போகும். வெள்ளைத் தாளின் மேல் மெல்லிய மஞ்சள் தாளை வைத்து, தப்பான கோட்டைத் திருத்திப் போடுவார். மாற்றக் காட்சியை அவரே முதலில் வரைந்தார். விமானம் ஆகாயத்தில் அப்படியே நின்றது. கதவு திறந்தது, கால் இறங்கியது, கதவு மூடியது. பீரோவைத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. இயக்குநர் கொட்டாவி விட்டார். "வேற யாராவது பாக்கறீங்களா?" என்று கேட்டபோது, தலைமுடி வரைந்துகொண்டிருந்த தொமொயே பென்சிலைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பூங்காவுக்குப் போனோம். அங்கே சின்னப் பிள்ளைகள் தலைகீழாகச் சுற்றிப் பழகுகிற இரும்புக் கம்பி இருக்கும். அதைச் சுற்ற வராத பிள்ளையை வகுப்பே கேலி செய்யும். என்னைக் கேலி செய்திருக்கிறது. தொமொயே சோற்றுப் பெட்டியை என் மடியில் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"இங்க பாருடி நத்சு. சுத்தறப்போ மொதல்ல எது மேல போகுது?"

"உன் பாவாடை."

"கால்டி, மூதேவி! கால் மேல போகுது, இடுப்பு கம்பிய ஒட்டிச் சுத்துது, தலை கடைசியா வருது. பறந்துக்கிட்டிருக்கிற விமானத்துக்குத் தரை எங்கடி இருக்கு? அப்புறம் எதுக்குக் காலக் கீழ நீட்டிக்கிட்டு நிக்கணும்?"

மறுபடி சுற்றினாள். காலால் வானத்தை உதைத்து, கவிழ்ந்து, நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது, ஒரு செருப்பு செடிக்குள் கிடந்தது.

"மொதல்ல கவுருது. வயிறு மேல. அப்ப காலத் தொறந்து வானத்த உதைக்குது. அந்த உதைல சுத்தி மனுஷனா நிமிருது. போதும், வந்துடுச்சு. எழுந்திரு."

குழந்தைகளோடு வந்திருந்த இரண்டு தாய்மார்கள் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.

அவள் வரைந்ததை இகராஷி எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "என்ன குவாதா, விமானத்தையே கவுத்துட்டியே! பைலட் சாப்பிட்ட நூடுல்ஸ் வெளிய வந்துடாதா? கால் கீழ இருக்கணும்னு கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே." ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தொமொயே, "ஓட்டிப் பாத்துட்டுச் சிரிங்க," என்றாள்.

தாள்களை வரிசையாகப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்தார்கள். பென்சில் கோடுதான், வண்ணம்கூட இல்லை. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, "இன்னொரு தடவ போடு," என்றார். பிறகு, "இது யார் வரைஞ்சது?" என்றார். பக்கத்தில் நின்ற இகராஷி சொன்னார்: "என் மேஜையிலேர்ந்து வந்தது."

பாருங்கள், பொய் என்றும் சொல்ல முடியாது! இப்படிப் பேச ஒரு தனித் திறமை வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் அக்கிரமம். அவள் படம் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் தாளை வைத்து, கோட்டுக்குக் கோடு அப்படியே இழுத்து, திருத்தியது என்று முத்திரை குத்தினார். வண்ணத்துக்கு வந்தபோது இரண்டு தாளையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. தொமொயேவிடம் காட்டினேன். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு தயாரிப்பாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

"குவாதா-சான், திருத்தினவர் பேரப் போடறதுதான் வழக்கம்," என்றார் தயாரிப்பாளர்.

"எதத் திருத்தினார்? காட்டச் சொல்லுங்க."

"கோவப்படாதீங்க. பாக்கறது பூராப் பசங்க. போர் விமானத்த ஒரு பொம்பள வரைஞ்சான்னு தெரிஞ்சா பத்திரிகைக்காரன் வேற மாதிரி எழுதுவான்."

"நான் பொம்பளைன்னு விமானத்துக்குத் தெரியுமா?"

தொமொயே குப்பைக் கூடையை ஓர் உதை விட்டாள். அது அறையின் மறுகோடிக்குப் போய் விழுந்தது.

ஒரு முறை வரைந்த மாற்றக் காட்சியையே வாராவாரம் போடுவது எங்கள் தொழிலில் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளைப் பருந்து கவிழ்ந்து வானத்தை உதைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசியில் இகராஷியின் பெயர் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வந்தது. அதன் விளக்கத் தாளில் காலைக் கீழே இறக்கு என்றுதான் போட்டிருந்தது. ரயிலில் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. எல்லாம் பொம்மையைக் கவிழ்த்து, வயிற்றை மேலே காட்டி, காலை வானத்துக்குத் திறந்து, வாயால் புஸ்ஸென்று சத்தம் போட்டுச் சுற்றின. அத்தனையும் தொமொயேயின் பிள்ளைகள். ஒன்றுக்கும் அவள் பெயர் தெரியாது.

அவள் அங்கிருந்து விலகிப் பல ஸ்டுடியோக்களில் வேலை பார்த்தாள். ஏவுகணை வரைந்தாள், புகை வரைந்தாள், இடிந்து விழும் கட்டடங்களை வரைந்தாள். போன இடமெல்லாம், "வெள்ளைப் பருந்து நான் வரைஞ்சது," என்றாள். எங்கள் நாட்டில் யாரும் உங்களைப் பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். "அப்படிங்களா," என்பார்கள். என்றுவிட்டுத் தேநீர் ஊற்றுவார்கள். அதற்குப் பதில் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

போன இலையுதிர்காலத்தில் இகெபுகுரோவின் ஒரு பெரிய கடையில், எட்டாவது மாடியில், வெள்ளைப் பருந்து கண்காட்சி வைத்தார்கள். தொமொயேவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. மணிக்கட்டில் வலிக்கு எப்போதும் பட்டை. "படத்துக்குக் கீழ ஒட்டற சீட்டுல என் பேரப் போடச் சொல்லிக் கடைசியா ஒரு தடவ கேக்கப்போறேன். நீ வாயத் தொறக்காத," என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனாள்.

உள்ளே ஒரு மூலையில் இகராஷி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடுச்சுவரில் பெரிய சட்டம், அதற்குத் தனி விளக்கு. அவள் வரைந்த வெள்ளைத் தாள், மாற்றத்தின் நட்டநடுப் படம், விமானமும் இல்லாமல் மனிதனும் இல்லாமல் நிற்கும் அந்த ஒரு நொடி. கீழே சீட்டு: அசல் பென்சில் படம், இகராஷி.

தொமொயே சீட்டைப் பார்க்கவே இல்லை. "தலைகீழா மாட்டியிருக்கான்!" என்று கத்தினாள். கூட்டமே திரும்பியது.

கழுத்தில் அட்டை தொங்க, பொறுப்பாளர் ஓடிவந்தார். "கால் இருக்கிற பக்கம் கீழதானேம்மா?"

"இதையேதான் அன்னிலேர்ந்து சொல்றீங்க!"

அவர் குழம்பிப்போய் இகராஷியை அழைத்துவந்தார். "சென்செய், இந்தம்மா படம் தலைகீழா இருக்குன்றாங்க." சென்செய் என்றால் ஆசான். அந்த ஆளுக்கு அந்தப் பட்டம்!

இகராஷி தடியை ஊன்றி நின்று படத்தைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஆமாம், தப்புதான் என்று சொல்லியிருந்தால்கூட நான் பாதி மன்னித்திருப்பேன். திருடியதையாவது பத்திரமாக நினைவில் வைத்திருக்கிறாரே என்று.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

தொமொயே பொறுப்பாளரிடம் திரும்பினாள். "சட்டத்தக் கழட்டுங்க. எங்க தாள்ல துளை எப்பவும் மேல்பக்கம்தான் இருக்கும். அட்டைக்கு அடியில மறைஞ்சிருக்கு."

திருப்புளி வந்தது. கழற்றினார்கள். தாளை வரிசையாகப் பிடித்து நிறுத்துவதற்கான அந்த மூன்று துளைகளும் அடியில் இருந்தன.

இகராஷி சிரித்தார். "வயசாச்சு பாருங்க! எத்தனையோ வரைஞ்சேன், எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" கூட்டமும் பாசமாகச் சிரித்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். கைதட்டினார்கள்! படத்தைத் திருப்பி மாட்டினார்கள், அதே சீட்டுக்கு மேலே.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்றார் பொறுப்பாளர்.

"நான் வரைஞ்சது. என் பேரப் போடுங்க."

"அப்படிங்களா," என்று குனிந்து வணங்கினார்.

என்னால் அதற்குமேல் வாயை மூட முடியவில்லை. "டீ ஊத்தலையா?" என்று கேட்டேன்.

"ஒம்பதாவது மாடில கிடைக்குங்க," என்றார் அந்த அப்பாவி.

வெளியே போகும் வழியில், வந்தவர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போக ஒரு வெள்ளைச் சுவர் வைத்திருந்தார்கள். தொமொயே நேராக அதன் முன்னால் போய் நின்று கறுப்புப் பேனாவை எடுத்தாள். பென்சில் இல்லை, அழிக்க முடியாது. முதலில் கவிழ்ந்த வயிறு. பிறகு மடங்கும் இறக்கை, உள்ளே இழுத்துக்கொள்ளும் மூக்கு, தரையைப் பார்த்துத் தொங்கும் பைலட்டின் தலை. கடைசியாக இரண்டு கால்களும் வானத்தை உதைத்தன. ஒரு கோட்டைக்கூட அவள் இரண்டாம் தரம் இழுக்கவில்லை. கையெழுத்துக்கு நின்ற வரிசை கலைந்து எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டது. படத்துக்குக் கீழே குவாதா தொமொயே என்று பெரிதாக எழுதினாள். பக்கத்தில் ஓர் அம்பு போட்டு, ஆப்பிள் பெட்டியில் போடுகிற மாதிரி, இந்தப் பக்கம் மேலே என்று எழுதினாள்.

வரிசை போய்விட்டதால் இகராஷியும் வந்தார். தொமொயே பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"தப்பு இருந்தா திருத்துங்க, சென்செய். எப்பவும் நீங்கதானே திருத்துவீங்க."

அத்தனை பேர் பார்க்கிறார்களே, வாங்கிக்கொண்டார். பேனா முனை காலுக்குப் போனது, இறக்கைக்குப் போனது, மூக்குக்குப் போனது. எங்கேயும் சுவரைத் தொடவில்லை. கடைசியில் பேனாவை மூடினார்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"அன்னிக்கும் ஒண்ணும் இல்லதானே?"

அவர் தலை குனிந்து, தடியை ஊன்றிக்கொண்டு, தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பொறுப்பாளர் சுவரையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். சட்டத்துக்குக் கீழிருந்த சீட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு சீட்டு வைக்கவில்லை. அங்கே பசையின் தடம் மட்டும் இருந்தது. தொமொயேவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போதும்டி, விடு," என்றாள்.

எனக்குப் போதவில்லை.