வெயிலில் காட்டிய புடவை

எங்கள் பட்டுக்கடை முதலாளியின் வீடியோ பேட்டியை இன்று வேலை முடிந்து ஊர் திரும்பும் தாமல் பஸ்ஸில் பார்த்தேன். கடை வாட்ஸ்அப் குரூப்பில் அவரே போட்டிருந்தார்.

"காலம் மாறிக்கினே இருக்குது. ஸ்டாஃப் சொல்றத காது குடுத்து கேக்கறவன்தான் நல்ல லீடர்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீடியோ காலில் புடவை பார்ப்பவர்களுக்கு டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரிவதில்லை, வாசல் வெயிலில் பிரித்துக் காட்டலாம் என்று சொன்னவள் நான். "பட்ட தெருவுல காட்டுவாங்களா? உன் வேலய பாரும்மா" என்றார் அன்று. அவர் சாப்பிடப் போன நேரத்தில் காட்டினேன். விற்றது. அப்புறம் அதுவே கடை வழக்கமானது.

பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "இந்த வெயில் ஐடியா எப்படி சார் வந்துச்சு?"

"அம்மன் சன்னதில கண்ண மூடிக்கினு நின்னேம்மா. தானா வந்துச்சு."

உடனே திரையில் வாசலும், முந்தானையை விரித்துப் பிடித்த இரண்டு கைகளும் வந்தன. வளையல் என்னுடையது. முகம் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள்.

வீடியோவுக்குக் கீழே, "எல்லாரும் லைக் போடுங்க" என்று எழுதியிருந்தார்.

போட்டேன். நாளைக்கும் அதே வாசலில்தானே நிற்க வேண்டும்.

உங்கள் முதலாளிக்கு எந்தக் கோயிலில் ஐடியா வருகிறது?