நாகராஜ் அண்ணனுக்கு எதற்குக் கோட்டு?

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சேதி வந்தபோது நான் ஒத்தக்கடை மைதானத்தில் தொப்பை தரையில் பட, குப்புறப் படுத்துக்கிடந்தேன். ரிமோட் காரின் முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று அப்படித்தான் பார்க்க முடியும். போனில் நாகராஜ் அண்ணன் பெயர் வந்தது. எடுத்தவுடன், "என்னண்ணே, ரேஸ்ல தோத்துருவோம்னு வீட்டுலயே படுத்துட்டீகளா?" என்றேன். பேசியது அவர் மகள். "மாமா, அப்பா விடியக்காலைல போயிட்டாரு" என்றாள்.

ஞாயிறுதோறும் அங்கே கார் ஓட்டுகிற உங்கள் எல்லோருக்கும் சுங்குடிச் சேலைக் கடை நாகராஜ் அண்ணனைத் தெரியும். கார் சொல்பேச்சுக் கேட்காவிட்டால் தம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்டுவார். நமக்குப் புரியாததால் அது மரியாதையாகவே இருக்கும்.

நான் புதிதாக வந்த அன்று என் கார் ஒரு பக்கமாக இழுத்தது. ரிமோட்டில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினேன். இன்னும் மோசமாகி, செக்குமாடு போலச் சுற்றியது. அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"ஏப்பா, கார் ஒன்னையப் பாத்து வரும்போது அதோட வலது ஒனக்கு இடது. காருக்குள்ள நீயே உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்க."

"இந்தத் தொப்பையோட எப்பிடிண்ணே உக்கார்றது?"

"அதான் ஒரு பக்கமா இழுக்குது."

பிறகு திருகைத் துளித்துளியாகத் திருப்பிக் காரை விட்டுப் பார்த்தார். "ஸ்டியரிங்குலருந்து கைய எடுத்துரு. அப்பவும் நேராப் போனாத்தான் சரி" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் காரியத்தன்று பேனரில் பார்த்தேன். கழுத்துக்குமேல் அண்ணன், கீழே எவனுடையதோ ஒரு கோட்டு. கல்யாணத்துக்கே கோட்டுப் போடாதவர்! அவர் காரை நெஞ்சோடு அணைத்து நிற்க, நான் எடுத்துக்கொடுத்த படம் அது. காரை வெட்டி எறிந்துவிட்டார்கள். சுற்றிலும் அவர் மச்சினன் வகையறாவின் முகங்கள், அண்ணன் முகத்தைவிடப் பெரிதாக.

"கார் எங்கய்யா?" என்று மச்சினனிடம் கேட்டேன்.

"பொம்மையோட போட்டா நாலு பேரு சிரிப்பாங்கண்ணே. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மானமா? ஊரை ஏமாற்றினாரா, குடித்துவிட்டு விழுந்து கிடந்தாரா? வாரத்தில் ஒரு காலை கார் ஓட்டினார். அதை மறைக்க வேண்டுமாம்! இருந்தபோது கேலி செய்ய எனக்கு உரிமை இருந்தது. செத்த பிறகு அவரை வேறு ஆளாக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

மகள் உள்ளே போய் அவருடைய காரையும் ரிமோட்டையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "எல்லாரும் பாக்கட்டும் மாமா. ஒரு ரவுண்டு ஓட்டுங்க." ரிமோட்டில் அந்தத் திருகு அண்ணன் கடைசியாக வைத்த இடத்திலேயே இருந்தது. இன்றுவரை அதை நான் தொடவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், கையை எடுத்துவிட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கமும்தான்.

பந்தி ஓரமாக ஓட்டினேன். கையை எடுத்தேன், நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. திருப்பி என்னை நோக்கி ஓட்டிவரும்போது இடதை வலதாக்கிவிட்டேன். கார் பேனரின் காலில் இடித்தது. பேனர் சாம்பார் அண்டாவில் சாய்ந்தது. கோட்டு முழுக்க நனைந்துவிட்டது. அண்ணன் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.