அவள் குரல் இல்லாத ஒலிப்பதிவுகள்

என் மனைவி ரேடியோவில் பேசியவள். பெரிய ரேடியோ இல்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள், மாடியில் இரண்டே அறைகளில் நடந்த சமுதாய வானொலி. மேற்கே பட்டாபிராம் வரை தெளிவாகக் கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பரவாயில்லை. முகப்பேர் போனால் கரகரத்து, வேறு ஏதோ ஸ்டேஷனின் சினிமாப் பாட்டு மேலே ஏறிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் எல்லை. அந்த எல்லைக்குள் அவளைத் தெரியாதவர்கள் குறைவு.

அவள் படித்து அந்த வேலைக்குப் போனவள் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு, தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பதிவு செய்ய அந்த ஸ்டேஷன்காரர்கள் வந்திருந்தார்கள். மைக்கை நீட்டியதும் தெருவே ரெண்டடி பின்னால் போனது. இவள்தான் மைக்கை வாங்கினாள். வாங்கி, தான் பேசாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாய்க்கு நேராகப் பிடித்து, "நீ சொல்லேன்கா, அன்னிக்கு லாரிக்காரன்கிட்ட இன்னா கேட்ட?" என்றாள். அந்தப் பெண் கொட்டித் தீர்த்துவிட்டாள். அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அவள் தோளில் ஒரு ரிக்கார்டர் பையோடு இந்தப் பக்கத்துத் தெருக்களில் நடந்தாள். வயல் வேலைக்குப் போனவர்கள் கம்பெனிக்குப் போன கதை, ஏரி மனையான கதை, பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் மூட்டை இறக்கியவர்கள், பூந்தமல்லியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் என்று யார் கதையையும் விடவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அந்த நிகழ்ச்சி வரும். நான் எஸ்டேட்டில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பேர் ஒரே போனில் கேட்போம். ஆரம்பத்தில் அவள் வணக்கம் சொல்லி, இன்றைக்கு யார் பேசப் போகிறார்கள் என்று நேரலையில் சொல்வாள். பிறகு அந்த ஆள் பேசுவார். முடிவில் மறுபடி அவள் வருவாள். நடுவில் அவள் குரல் இருக்காது. கேள்விகளை எல்லாம் வெட்டிவிட்டுப் பதில்களை மட்டும் கோத்துப் போடுவார்கள். அது அவளே கேட்டுக்கொண்ட முறை. மக்கள் ரேடியோவில் மக்கள் பேச்சு வரட்டும், என் கேள்வி எதற்கு என்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு காலையில், அடுப்பில் பால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட வார்த்தை ஒரு வார்த்தையாகவே இல்லை. விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் வலது கை தொங்குகிறது, பால் பொங்கி வழிகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், பருப்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பது வரைக்கும். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது: "இல்ல." டீ வேண்டுமா என்றால் ஆசையோடு தலையை ஆட்டிக்கொண்டே "இல்ல" என்பாள். மகளைப் பார்த்து, தலைமுடியைக் கோதி, "இல்ல, இல்ல" என்று கொஞ்சுவாள். சிரிப்பும் வரும், அழுகையும் வரும் எங்களுக்கு. முதல் மாதங்களில் எது உண்மையான இல்லை, எது ஆமாம் என்று தெரியாமல் நானும் மகளும் திணறுவோம். அவள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள். பிறகு அந்தத் தட்டைத் தானே குனிந்து எடுக்கப் பார்ப்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. இவள் ரேடியோவில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும், பழைய பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், அவர் குரலை அவரே கேட்டால் சில சொற்கள் கிளம்பி வரலாம், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன் என்றாள். அந்த நிச்சயம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே அப்போது டெக்னீசியன் ஒருத்தர்தான் மிச்சம். பூந்தமல்லிக்காரர். எல்லாருக்கும் அவர் பாய். என் மனைவியை அக்கா என்பார், அந்த முறையில் என்னை மாமா என்பார். கல்லூரி நிர்வாகம் கை மாறி, ரேடியோ எதற்கு என்ற பேச்சு தொடங்கியிருந்தது. பாய் காலையில் வந்து பழைய நிகழ்ச்சிகளையே ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் சிடி அடுக்குகள், கறுப்புப் பெட்டி போல சில ஹார்ட் டிஸ்க்குகள். கீழ்த்தட்டு காலி. ஒரு மழைக்கு மேல்கூரை ஒழுகி, கீழே இருந்ததெல்லாம் தண்ணீரில் ஊறி வீணாகிவிட்டதாம்.

"மாமா, உள்ளதச் சொல்லிட்றேன்" என்றார். "லைவா பேசுறத நாங்க கொஞ்ச மாசம்தான் வச்சிருப்போம். அப்புறம் எடம் பத்தாது, அழிச்சிட்டு அதுமேலயே ஏத்துவோம், அக்கா கடைசியா பேசுனதும் போயிடுச்சு. எடிட் பண்ண ப்ரோக்ராம் மட்டும்தான் நிக்கும். அதுல அக்கா கொரல் இருக்காது."

எனக்கு அது உடனே புரியவில்லை. இவ்வளவு வருஷம் பேசினவள் குரல் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டேன். அவர் ஒரு சிடியைப் போட்டுக் காண்பித்தார். ஒரு பெரியவர் பேசினார். இப்போது தொழிற்சாலை இருக்கும் இடத்தில் எருமை மேய்த்ததைச் சொன்னார். நன்றாக, நிறுத்தி நிதானமாக, யாரோ எதிரே ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தைரியத்தில் சொன்னார். அவர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பேச்சு சட்டென்று வேறொன்றுக்குத் தாவியது. அந்தத் தாவல்களில்தான் அவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். எங்கேயாவது வெட்டாமல் விட்ட பதிவு ஒன்று இருக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடுவோம். இந்த ஊரில் இத்தனை பேர் இத்தனை பட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கணவனை ரயிலில் இழந்தவள், பிள்ளை படிக்கவென்று ரத்தம் விற்றவன், ஏரிக்கரைக் குடிசையை இடித்த அன்று சமைத்துக்கொண்டிருந்த சோற்றோடு வெளியே நின்றவள். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை என்று பாய் சொல்வார். எல்லாரும் அவளிடம்தான் பேசியிருந்தார்கள்.

பல வாரம் கழித்து ஒன்று கிடைத்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஒரு பெண்ணோடு எடுத்த பதிவு. ஏதோ காரணத்தால் ஒலிபரப்பாகாமல் அப்படியே கிடந்திருக்கிறது. ஆரம்பத்தில் பஸ் ஹாரன், நடத்துநர்களின் கூச்சல். பிறகு மிகப் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே, அவள்.

"இப்டி வந்து ஒக்காருக்கா, அங்க ஒரே சத்தமா கீது. ம், இப்ப சொல்லு. காலைல சாப்டியா?"

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். பாய் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் போட்டோம். மகள்தான் போனில் ஏற்றியிருந்தாள். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, ஏதோ விசேஷத்துக்குப் போவதுபோலத் தயார் செய்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் என் மனைவி நிமிர்ந்தாள். அந்த பஸ் ஸ்டாண்டை அடையாளம் கண்டுகொண்டதுபோல் முகம் மலர்ந்தது. பிறகு அவளுடைய குரலே வந்தது. அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, கண் மட்டும் மாறியது. பதிவில் அவள் ஏதோ கேட்டு, அந்தப் பெண் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற இடம் வந்தது. இவளுடைய இடது கை போனை நோக்கி நீண்டது. சத்தம் போதவில்லை போல என்று மகள் கூட்டிவைத்தாள்.

"இல்ல" என்றாள். "இல்ல. இல்ல."

அன்றைக்கு எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மகள் அதை நிறுத்தினாள். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. மகள் சமையலறையில் நின்றுகொண்டு, நாமதான்பா தப்பு பண்ணிட்டோம், அம்மாவ அம்மாவுக்கே காட்டியிருக்கக் கூடாது என்று அழுதாள். அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று நினைவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண்ணும் கேட்டுவிட்டு, கட்டாயப்படுத்தாதீர்கள் என்றாள். அவள் பயிற்சியும் அதற்குப் பிறகு நெடுநாள் நடக்கவில்லை. முன்னேற்றம் நின்றுவிட்டது என்பதை அவள் நாசூக்காகத்தான் சொன்னாள்.

அந்தக் கோடைக்குள் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். விழா எதுவும் இல்லை. ஒருநாள் பாய் போன் செய்து, அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், சாமானை எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துப் போகிறார்கள், சிடியை யாரும் கேட்கவில்லை என்றார். நான் போனபோது அலமாரி வராந்தாவில் நின்றது. சிடிக்கள் பழைய பேப்பரோடு பேப்பராக ஒரு மூலையில் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் அரிசிச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மதிப்பிருக்கிறது என்று தோன்றியிருக்கும்.

சாக்கு எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. பாய் பூந்தமல்லியில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்தார். நேரம் கிடைக்கும்போது வந்து, ஓடுகிற சிடிக்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றும்போது சத்தம் வரும். ஒருநாள் அந்த எருமை மேய்த்த பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால், என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நிற்கிறாள். நான் பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன். அவள் கையை உயர்த்தி என்னை அடக்கினாள். நாற்காலி போட்டோம். கடைசி வரைக்கும் கேட்டாள். தன் குரல் இல்லாததை எல்லாம் அவளால் கேட்க முடிந்தது.

அதிலிருந்து மதிய வேளைகளில் அவளுக்கு அதுதான். எந்தச் சிடி வேண்டும் என்று கேட்க வழி இல்லை. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அவள் முகத்தைப் பார்ப்பேன்.

பாய்க்குத்தான் அந்த யோசனை வந்தது. பேசியவர்கள் பலர் போய்விட்டார்கள், அவர்கள் வீட்டுக்காவது இதைக் கொடுக்கலாமே என்றார். நான் என் மனைவியிடம் கேட்டேன். அவள் இடது கையால் என் கையை அழுத்தினாள். பாய் தெரிந்தவர்கள் மூலமாக ஒவ்வொரு வீடாகக் கண்டுபிடித்து அனுப்பத் தொடங்கினார்.

இந்த வருஷப் பொங்கல் கழிந்து ஒரு மதியம், ஐம்பது வயது இருக்கும், ஒருத்தர் கம்பெனி யூனிஃபார்மோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். எருமை மேய்த்த பெரியவரின் மகன். பட்டாபிராமிலிருந்து வந்திருந்தார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது என்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் நின்றுகொண்டே என்னிடம்தான் பேசினார். அப்பா வீட்டில் யாரிடமும் எதையும் பேசியதே இல்லை, குடித்துவிட்டுச் சும்மா படுத்திருப்பார், அவர் தன் அம்மாவை நினைத்து அழக்கூடியவர் என்பதே அந்தப் பதிவைக் கேட்டுத்தான் தெரியும் என்றார்.

"ஊட்ல எல்லாரும் கேட்டோம் சார். நைனா யார்கிட்ட இப்டி மனசு வுட்டுப் பேசிகினு இருந்தாருன்னுதான் எங்களுக்குத் தெர்ல. அதுல யார் கேக்குறாங்கன்னே இல்ல. அவங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். அவர் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். மடியில் மடங்கிக் கிடந்த வலது கையைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து, "நீங்களா அம்மா?" என்றார்.

அவள் வாய் அசைந்தது. எதையோ சொல்லப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அந்த ஒரு சொல் வந்துவிடுமோ என்று பயந்தவள் போல உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. சத்தம் போட்டு, வாய் விட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.