புற்றடியில் நடந்த வகுப்பு

மைதான ஓரத்தில் விழுந்த கைப்பந்தை எடுக்க ஓடிய பையன் வெறுங்கையோடு திரும்பிவந்தான். "சார், பந்து செடிக்குள்ள கெடக்கு. வகுப்பு முடிஞ்ச பெறவு எடுத்துக்கோன்னு டீச்சர் சொல்லுதாவ" என்றான். அறிவியல் டீச்சரை நினைத்தால் எனக்கு அந்தக் காலைப்பொழுதுதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உடற்கல்வி ஆசிரியனாக நான் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிச் சமன்செய்த மைதானம் அது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையாக, அதன் மேற்கு மூலையை அவர் பிடித்துக்கொண்டார். சண்டைக்குப் போனேன். "நீங்க கபடியக் கரும்பலகையில படம் போட்டா சார் சொல்லிக்குடுப்பிய?" என்று கேட்டார். நான் வேறு பந்து எடுக்கத் திரும்பினேன்.

அவருடைய திறந்தவெளி வகுப்பறையில் அவர் செய்த பெரிய வேலை, ஒன்றும் செய்யாமல் விட்டதுதான். தும்பை, குப்பைமேனி, எருக்கு, நெருஞ்சி என்று வந்ததெல்லாம் வளர்ந்தது. நடுவில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதைச் சுற்றிக் கல் அடுக்கி, யாரும் கல்லைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார். பிள்ளைகள் பனந்துண்டுகளில் உட்கார்ந்து எருக்கிலையில் புழுவைத் தேடினார்கள். குழியானைப் பூச்சி மண்ணைச் சுண்டி எறும்பைத் தன் குழியில் விழவைப்பதை மூச்சடக்கிப் பார்த்தார்கள். வகுப்பறைக்குள்ளே வாய் திறக்காத பிள்ளைகள்கூட அங்கே போட்டிபோட்டுப் பேசினார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நானும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

தலைமையாசிரியருக்கோ, வேப்பமரத்தடியில் நிற்கும் சைக்கிள்களுக்கு அந்த மூலையில் கொட்டகை போடவேண்டும் என்று ஆசை. ஆய்வுக்கு வரும் அதிகாரி வகுப்பைப் பார்த்து நல்லது என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் கொட்டகைதான் என்று சொல்லிவிட்டார்.

ஆய்வுக்கு முந்தின நாள் நான் ஒரு பந்தயத்துக்காகப் பிள்ளைகளோடு பனவடலிசத்திரம் போயிருந்தேன். டீச்சரும் சாயங்கால பஸ்ஸில் சிவகிரியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊரில் யாரும் சொல்லாமலே வாசல் பளிச்சென்றாகிவிடும். தறிக்குப் போய்வந்த பெற்றோர்கள், அதிகாரி வருகிறாரே என்று மண்வெட்டியோடு கூடிவிட்டார்கள். காலையில் நான் பார்த்தபோது மூலை மொட்டைத்தலையாக இருந்தது. தண்ணீர் தெளித்துக் கோலம் வேறு போட்டிருந்தார்கள்.

பஸ் இறங்கி வந்த டீச்சரிடம் ஒரு தாய் ஓடிப்போய், "பாத்தியளா டீச்சர்? ஒரு புல்லு பூண்டு இல்லாம செதுக்கிட்டோம்லா!" என்றாள். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. டீச்சர் ஏசவில்லை. "ரொம்ப சந்தோசம்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. அந்த மூலைக்காக மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த நானே அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.

திரும்பியவர் அப்படியே நின்றார். புற்றைச் சுற்றி வட்டமாகக் கொஞ்சம் இடம் தப்பியிருந்தது. கல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் தும்பை, எருக்கு, நெருஞ்சி எல்லாம் அப்படியே நின்றன.

"இங்கன மட்டும் ஏன்க்கா விட்டுட்டிய?"

"புத்தடியில மம்பட்டி போடலாமா டீச்சர்? நல்லாக் கேட்டிய போங்க!"

புற்றுமண்ணை மருந்தென்று நெற்றியில் பூசி வளர்ந்த ஊர். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பனந்துண்டுகளை அந்த வட்டத்தைச் சுற்றி உருட்டிப் போடச் சொன்னார். ஓடிப்போய் நான்தான் முதல் துண்டை உருட்டினேன்.

அதிகாரி வந்தார். புற்றைக் கண்டதும் ஷூவைக் கழற்றிவிட்டார். அவரும் நம் பக்கத்துக்காரர்தான். டீச்சர் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: செதுக்கின இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், செதுக்காத இடத்தில் யார் யார் இருக்கிறார்கள்? செதுக்கின பக்கம் போன பிள்ளைகள் கைவிரித்துக்கொண்டு வந்தார்கள். மற்ற பக்கத்துப் பிள்ளைகள் எறும்பு, புழு, குழியானை என்று சொல்லச் சொல்லப் பட்டியல் முடியவே இல்லை. கோலம் போட்ட தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்டே வந்து பார்க்கக் கால் வைத்த அதிகாரி "ஆ" என்றார். "நெருஞ்சி சார்" என்றாள் ஒரு சிறுமி. "ஒங்க கால்ல ஏறி அதோட வெத வேற ஊருக்குப் போவப் பாக்கு. குடுங்க, செதுக்குன எடத்துலயே போட்டுருதேன்." அவர் முள்ளைப் பிடுங்கிப் பணிவாக அவள் கையில் கொடுத்தார். போகும்போது தலைமையாசிரியரிடம், "சைக்கிளெல்லாம் வேப்பமரத்தடியிலயே நிக்கட்டும் சார்" என்றார்.

டீச்சர் மாற்றலாகித் தன் ஊர்ப்பக்கம் போய்விட்டார். நான் இங்கேயேதான் இருக்கிறேன். மூலை இப்போது புதராக மண்டிக் கிடக்கிறது. இந்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு முன்னாலும் தாய்மார்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பதறி ஓடினேன். அவர்களோ மூலைக்கு வெளியே ஒரு முழம் தள்ளியே நிறுத்திக்கொண்டு, எல்லையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன செதுக்கலயா?" என்றேன்.

ஒருத்தி நிமிர்ந்து என்னை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவனைப்போலப் பார்த்தாள்.

"பிள்ளைய படிக்கிற எடத்துல மம்பட்டி போடலாமா சார்?"